கடை முதல் கனை வரை: அகரவரிசை விளையாட்டுகள் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் "அகரவரிசை தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே ஆரம்பித்துவிடும். அ, ஆ, இ, ஈ என்று மூச்சுவிடாமல் ஔ வரை வந்து, ஃ-க்கு ஒரு நிறுத்தம் போட்டு, க, ங, ச, ஞ என்று ன வரை போய்விடும். சரி, "மழை, மலை, இந்த ரெண்டுல அகராதியில எது முதல்ல வரும்?" என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். பெரும்பாலும் மௌனம்தான். கொஞ்சம் சூட்டிகையான பிள்ளை என்றால் உதடு மட்டும் அசையும். க-விலிருந்து மனசுக்குள் நடந்து வருகிறது என்று அர்த்தம்.

ஒப்பிப்பது வேறு, ஒப்பிடுவது வேறு. நம் வகுப்பறைகளில் அகரவரிசைக்காக ஆடப்படும் விளையாட்டுகள் முதலாவதை நன்றாகச் செய்கின்றன, இரண்டாவதைத் தொடுவதே இல்லை என்பதுதான் இந்தக் குறிப்பின் வாதம். ஆசிரியர்கள் சொல்லிக் கேட்டவை, யூடியூபில் பார்த்தவை, ஆண்டு விழாக்களில் மேடையேறியவை என்று கொஞ்ச நாளாகக் குறித்து வைத்ததில் திரும்பத் திரும்ப வருபவை நான்கு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நான்கு விளையாட்டுகள்

முதலாவது எழுத்து ரயில். ஆளுக்கொரு எழுத்தட்டை. விசில் அடித்ததும் வரிசைப்படி ஒருவர் தோளை ஒருவர் பிடித்து நிற்க வேண்டும். குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், சத்தமும் நன்றாக இருக்கும். ஆனால் தமிழில் 247 எழுத்து. ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள். அதனால் ரயில் எப்போதும் துண்டு துண்டாகவே ஓடும்: இன்றைக்கு உயிர் 12, நாளைக்கு மெய் 18, இன்னொரு நாள் க-வரிசை. க முதல் கௌ வரை ஒரு ரயில், ச முதல் சௌ வரை இன்னொரு ரயில். இரண்டு ரயிலையும் ஒரே தண்டவாளத்தில் நிறுத்தி, "கோ முன்னாடியா, சா முன்னாடியா?" என்று யாரும் கேட்பதில்லை.

ரயில் விளையாட்டு ஆங்கிலத்தின் 26 எழுத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. அங்கே வரிசை ஒரே கோடு. நம்முடையது கட்டம். மெய் கீழ்நோக்கிப் போகும், உயிர் குறுக்கே போகும். ஒரு சொல்லை இடம் கண்டுபிடிக்க ஒவ்வோர் எழுத்துக்கும் முதலில் மெய்யைப் பார்க்க வேண்டும், அது ஒன்றாக இருந்தால் அதன் மேல் ஏறிய உயிரைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டு படிகளையும் ரயில் காட்டுவதில்லை.

இரண்டாவது விடுபட்ட எழுத்து. க, கா, கோடு, கீ. இதைப் பாட்டாக ஒப்பித்தாலே விடை வந்துவிடும். ஒரு குறையும் இல்லை, ஆனால் புதிதாக எதுவும் கற்பதும் இல்லை.

மூன்றாவது பெயர் வரிசை. வகுப்பில் உள்ளவர்களே தங்கள் பெயரின் முதலெழுத்துப்படி நிற்க வேண்டும். நான்கில் இதுதான் உண்மையாகவே வரிசைப்படுத்தும் விளையாட்டு. ஆனால் இன்றைய வகுப்பில் அபிநயா, கவின், முருகன் மட்டுமா இருக்கிறார்கள்? ஜனனி, ஷாலினி, ஸ்ரீதர், ஹரிணி எல்லோரும் இருக்கிறார்கள். சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டவணையில் அவர்களுக்கு இடமே இல்லாமல் இருக்கும், இருந்தாலும் ஓரத்தில் ஒட்டியிருக்கும். அகராதிகள் ஜ, ஷ, ஸ, ஹ-வைக் கடைசியில் வைக்கின்றன. வகுப்பிலோ ஜனனியைச் ச-வுக்குப் பக்கத்தில் நிறுத்துவதும் உண்டு, "நீ எங்கயாவது நில்லும்மா" என்று விடுவதும் உண்டு. பெயரை வைத்து ஆடும் விளையாட்டில் தன் பெயருக்கு இடம் இல்லை என்று ஒரு பிள்ளை தெரிந்துகொள்வது நல்ல பாடமாகத் தெரியவில்லை.

நான்காவது அகராதிப் போட்டி. ஆசிரியர் ஒரு சொல் சொல்வார், முதலில் எடுப்பவருக்குப் பரிசு. நோக்கம் மிகச் சரி. ஆனால் பள்ளியில் இருப்பது ஒன்றோ இரண்டோ அகராதி. ஏற்கெனவே தேடத் தெரிந்தவர் தேடுவார், மற்றவர்கள் கைதட்டுவார்கள். தெரிந்தவரைக் கண்டுபிடிக்கும் போட்டி இது. தெரியாதவருக்கு இதில் வேலை இல்லை.

சிக்கல் எங்கே ஒளிந்திருக்கிறது

இந்த நான்குக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. எல்லாமே ஒன்று தனி எழுத்தில் நிற்கின்றன, அல்லது சொல்லின் முதலெழுத்தில் நிற்கின்றன. தமிழ் வரிசையின் கஷ்டமான பகுதி முதலெழுத்தில் வரவே வராது.

எது கஷ்டம் என்று பிள்ளைகளைக் கவனித்தால் தெரியும். க ங, ச ஞ, ட ண, த ந, ப ம வரைக்கும் தடுமாற்றம் குறைவு. ய ர ல வ வரையும் ஓடிவிடும். அதன் பிறகு ழ ள ற ன. அங்கேதான் குழப்பம். இதற்குக் காரணமும் நம் கற்பித்தலிலேயே இருக்கிறது. ஒரே பிள்ளை மூன்று விதமான வரிசைகளைக் காதில் வாங்குகிறது. இலக்கணப் பாடத்தில் கசடதபற, ஙஞணநமன, யரலவழள. அதில் ற முந்திவிடும், ன நடுவில் வந்துவிடும். எழுத்துப்பிழை திருத்தும்போது ல-ள-ழ, ர-ற, ந-ண-ன என்று ஒலி நெருக்கத்தை வைத்துக் கூட்டம் கூட்டமாகச் சொல்லித்தருவார்கள். அதில் ல-வும் ள-வும் ஒட்டிக்கொள்ளும், இடையில் வ இருப்பது மறந்துபோகும். மூன்றாவதுதான் அகராதி வரிசை. மூன்றுமே தேவையானவை. ஆனால் எது எதற்கு என்று பிரித்துச் சொல்பவர் குறைவு.

இப்போது இலக்கணத்துக்கு வாருங்கள். தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வராது. இராமன், இலட்சம் என்று முன்னால் ஓர் இ போட்டு எழுதும் பழைய வழக்கம் அதனால் வந்ததுதான். இன்றைக்கு ரஞ்சித்தும் லாவண்யாவும் நேராகவே ர-விலும் ல-விலும் தொடங்குகிறார்கள். ஆனால் ழ-வில், ள-வில், ற-வில், ன-வில் தொடங்கும் பெயர் உள்ள பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது? ஆக முதலெழுத்தை வைத்து ஆடும் எந்த விளையாட்டும், எத்தனை வருஷம் ஆடினாலும், பிள்ளை தடுமாறும் அந்த நான்கு எழுத்தைத் தொடப்போவதில்லை. வண்டியில் பிரேக் சரியில்லை என்று தெரிந்தும் ஹார்னை மட்டும் சோதித்துப் பார்ப்பது மாதிரி.

இன்னொன்று புள்ளி. அக்கா முன்னாலா, அகம் முன்னாலா? அகராதி முறைப்படி மெய் முதலில், அதன் பிறகே உயிர்மெய். க், க, கா, கி. ஆகவே அக்கா முதலில், அகம் பின்னால். சுவர் அட்டவணையிலும் இடது ஓரத்தில் மெய்தான் நிற்கிறது. விடை கண் முன்னாலேயே தொங்குகிறது, ஆனால் அதைக் கேள்வியாக்கிய விளையாட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஔவைக்குத் தெரிந்த விஷயம்

ஆத்திசூடியை நாம் நீதிநூலாக மட்டும் வாசிக்கிறோம். அதை வரிசை கற்பிக்கும் கருவியாக வைத்துப் பார்த்தால் அதன் கட்டுமானம் ஆச்சரியப்படுத்துகிறது. உயிர் 12, ஆய்தம், அதன் பின் க முதல் ன வரை 18. இந்தப் பதினெட்டில் பாதியளவு எழுத்துகளில் வரியைத் தொடங்க முடியாது, அல்லது தொடங்குவது சிரமம். ஔவை என்ன செய்கிறார்? அந்த எழுத்தை இரண்டாவது இடத்தில் வைக்கிறார். ட-வுக்கான வரி இடம் என்ற சொல்லில் தொடங்குகிறது. ல-வுக்கு இலவம், ழ-வுக்கு அழகு, ள-வுக்கு இளமை, ற-வுக்கு அறம். ட, ண, ய, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய ஒன்பது எழுத்துக்கும் இதே உத்திதான். முதலில் அ அல்லது இ, அடுத்து வேண்டிய எழுத்து.

அந்த வரிகளை ஒப்பிக்கும் பிள்ளை தெரியாமலே ஒன்றைப் பழகுகிறது: வரிசையைக் காண முதலெழுத்தைத் தாண்டி உள்ளே பார்க்க வேண்டும். நாம் இன்றைக்கு ஆத்திசூடியை அபிநயப் பாட்டாக்கிவிட்டோம். "இந்த வரி ஏன் இந்த இடத்தில் வருகிறது? எந்த எழுத்தைப் பார்த்து?" என்று கேட்டால் அதே பாட்டு அருமையான விளையாட்டாகிவிடும். கேட்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

எங்கள் ஊரிலேயே இன்னோர் உதாரணம் உண்டு. ரமணர் இயற்றிய அருணாசல அக்ஷரமணமாலையில் 108 கண்ணிகள், முதலெழுத்துகள் அகரவரிசைப்படி செல்லும். பாடுபவருக்கு அடுத்து எது என்பதற்கு அந்த வரிசையே கைப்பிடி. ஆனால் முதல் மூன்று கண்ணிகள் தொடங்கும் சொற்கள் அருணாசலம், அழகு, அகம். அகராதி என்றால் அகம் முதலில் வந்திருக்க வேண்டும். பாட்டுக்கு முதலெழுத்து வரிசை போதும், ஏனென்றால் பாடுபவர் தொடக்கத்திலிருந்து வரிசையாகப் பாடுகிறார். நடுவில் ஒன்றைத் தேடி எடுக்க வேண்டியவருக்கு அது போதாது. நம் வகுப்பறை விளையாட்டுகள் பாட்டின் வரிசையைத் தந்துவிட்டு, அகராதியின் வரிசையைத் தந்துவிட்டதாக நினைத்துக்கொள்கின்றன.

வரிசை தேவைப்பட்ட கதை

இந்த வித்தியாசம் தமிழில் எப்போது வந்தது என்பதும் சுவாரசியம். திவாகரம், பிங்கலம் போன்ற நிகண்டுகள் பொருள் வாரியாக அடுக்கப்பட்டவை: தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று. மனப்பாடம் செய்யும் நூல்கள், அதனால் தேடும் வசதி தேவைப்படவில்லை. 1594-இல் சிதம்பர ரேவண சித்தர் தொகுத்த அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்து வரிசையில் அடுக்கியது. 1732-இல் வீரமாமுனிவரின் சதுரகராதி வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. மனப்பாடத்திலிருந்து தேடலுக்கு நாம் நகர்ந்துவந்த பாதை இது.

அகராதி நிகண்டுக்குப் பத்து வருஷம் கழித்து, 1604-இல் இங்கிலாந்தில் ராபர்ட் காட்ரி ஓர் ஆங்கிலச் சொற்பட்டியல் வெளியிட்டார். ஒரே மொழிக்கான முதல் ஆங்கில அகராதி என்று பொதுவாகச் சொல்லப்படுவது. அதன் முன்னுரையில் எழுத்து வரிசையைப் பார்க்காமல் சொல்லத் தெரிந்துகொள்ளுங்கள் என்று வாசகருக்கு அறிவுரை சொல்கிறார். அதோடு நிற்கவில்லை. ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களுக்குள் இரண்டாம் எழுத்தைப் பார்த்து, அந்தப் பகுதியின் ஆரம்பத்தில் தேடுவதா கடைசியில் தேடுவதா என்பதையும் விளக்குகிறார். வரிசை தெரிவதும் தேடத் தெரிவதும் வேறுவேறு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"போன் இருக்கே சார்"

இதைப் பேசினால் உடனே வரும் பதில் இது. போனில் தட்டினால் பொருள் வந்துவிடுகிறது, இனிமேல் அகரவரிசை எதற்கு? நியாயமான கேள்விதான்.

என் தொழில் சார்ந்த பதில் இது. யூனிகோடில் தமிழ் எழுத்துகளின் குறியெண்கள் தமிழ் அகரவரிசைப்படி இல்லை. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவாக 1988-இல் வகுத்த இஸ்கி அமைப்பைப் பின்பற்றியதால், ன வந்து ந-வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது. ற ர-வுக்கு அடுத்து. வ கடைசிக்குப் போய், அதற்கு முன்னால் ல, ள, ழ. ஜ ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில். ஆய்தம் அ-வுக்கும் முன்னால். இதற்கு மாற்றாக மொழிக்கேற்ற வரிசை விதிகள் தனியாக இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்தினால் சரியாக வரும். பயன்படுத்தாமல் குறியெண்ணை மட்டும் ஒப்பிட்டு அடுக்கினால் என்ன ஆகும்? பம்பரம், பழம், பறவை, பனை என்று வர வேண்டியது பனை, பம்பரம், பறவை, பழம் என்று வரும்.

இந்த மாதிரிப் பட்டியல்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். என்னை உறுத்துவது மென்பொருளின் பிழையைவிட, அதை யாரும் பிழை என்று சொல்லாததுதான். எழுதியவரும் தமிழர், சோதித்தவரும் தமிழர், பயன்படுத்துபவரும் தமிழர். ஆங்கிலப் பட்டியலில் கியூவுக்குப் பிறகு பி வந்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கூடச் சிரிக்கும். நம் வரிசை கலைந்து கிடக்கும்போது கண்ணில் படுவதே இல்லை. கண்ணில் படாதது திருத்தப்படாது. அகரவரிசை என்பது அகராதி புரட்டும் திறமை மட்டும் என்றால் போனது போகட்டும் என்று விடலாம். ஒழுங்கு கலைந்திருக்கிறது என்று உணரும் கண் போய்விட்டால் அதை எந்தக் கருவியும் திருப்பித் தராது.

என்ன ஆடலாம்?

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது அழகில்லை. அகராதி நம்மிடம் கேட்பது ஒரே கேள்விதான்: நீ தேடும் சொல் இந்தப் பக்கத்துக்கு முன்னாலா, பின்னாலா? ஆயிரம் பக்க அகராதியை ஒவ்வொரு முறையும் பாதியாகப் பிரித்துக்கொண்டே போனால் பத்துத் தடவைக்குள் சரியான பக்கம் வந்துவிடும். ஆக பிள்ளைக்குத் தேவையான பயிற்சி இரண்டு சொல்லை ஒப்பிடுவது. அதைச் சுற்றி விளையாட்டை அமைத்தால் போதும்.

ஒன்று, கடை விளையாட்டு. பழைய காலண்டர் அட்டையில் ஒன்பது சொல் எழுதிக்கொள்ளுங்கள்: கடை, கணை, கதை, கரை, கலை, கழை, களை, கறை, கனை. எல்லாம் க-வில் தொடங்கும், எல்லாம் ஐ-யில் முடியும், நடுவில் மெய் மட்டும் மாறும். இதுதான் சரியான வரிசையும். கலைத்துப்போட்டு அடுக்கச் சொல்லுங்கள். பிள்ளை தடுமாறும் ழ, ள, ற, ன நான்கும் இதில் இருக்கின்றன. கணை, கழை, கனை போன்ற சொல்லுக்குப் பொருள் கேட்பார்கள். அது லாபம்தான், அகராதியைத் திறக்க ஒரு காரணம் கிடைத்தது.

இரண்டு, லிங்க விளையாட்டு. கிரிவலம் போன பிள்ளைக்கு 14 கிலோமீட்டர் பாதையில் எட்டு லிங்கங்கள் வரும் முறை தெரியும்: இந்திர, அக்னி, எம, நிருதி, வருண, வாயு, குபேர, ஈசான்ய. இதே எட்டை அகரவரிசையில் அடுக்கச் சொல்லுங்கள்: அக்னி, இந்திர, ஈசான்ய, எம, குபேர, நிருதி, வருண, வாயு. கடைசி இரண்டில் மெய் ஒன்றுதான், உயிர் தீர்மானிக்கிறது. நடக்கும் வரிசை ஒன்று, தேடும் வரிசை இன்னொன்று என்பது கையிலேயே புரிந்துவிடும்.

மூன்று, பஸ் போர்டு. எங்கள் மாவட்டத்தின் 12 வட்டங்கள் வரிசையில்: ஆரணி, கலசபாக்கம், கீழ்பென்னாத்தூர், செங்கம், செய்யாறு, சேத்துப்பட்டு, தண்டராம்பட்டு, திருவண்ணாமலை, போளூர், வந்தவாசி, வெம்பாக்கம், ஜமுனாமரத்தூர். செங்கமும் செய்யாறும் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும் இடத்தில் புள்ளி எழுத்தைப் பார்க்க வேண்டும், ங் முதலில், ய் பின்னால். ஜமுனாமரத்தூரில் ஜ எங்கே நிற்கும் என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். அதன் பிறகு பெயர் வரிசை ஆடினால் ஜனனிக்கும் ஹரிணிக்கும் நிற்க ஓர் இடம் இருக்கும். மற்ற மாவட்டத்துக்காரர்கள் தங்கள் ஊர்களைப் போட்டுக்கொள்ளலாம்.

நான்கு, முன்னா பின்னா. ஒரு பிள்ளை மனசில் ஒரு சொல் நினைக்க வேண்டும். மற்றவர்கள் ஒரு சொல் சொல்லுவார்கள். "முன்னாடி" அல்லது "பின்னாடி" என்று மட்டும் பதில். பொய் சொல்லக் கூடாது. கேட்பவர் வரிசையை நினைக்கிறார், பதில் சொல்பவர் அதைவிட அதிகம் நினைக்கிறார், சுற்றி இருப்பவர்கள் "டேய், தப்பு!" என்று கத்தக் காத்திருக்கிறார்கள். அகராதி ஒன்றே ஒன்று இருந்தாலும் போதும், சண்டை வந்தால் பார்த்துத் தீர்த்துக்கொள்ள.

எல்லாவற்றிலும் ஒரு விதி மட்டும் கட்டாயம் வேண்டும் என்பேன். சரியாக வைத்தால் மட்டும் புள்ளி கிடையாது. எந்த எழுத்தைப் பார்த்து வைத்தாய் என்று விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். மலைக்குப் பின்னால் மழையை வைத்த பிள்ளை, ழ-வைத் தொட்டுக் காட்டினால்தான் அதற்குத் தெரியும் என்று நமக்குத் தெரியும்.

எழுத்து ரயிலை நிறுத்தச் சொல்லவில்லை. ஒன்றாம் வகுப்பில் அது ஓடட்டும், வரிசை காதில் விழ அது வேண்டும். மூன்றாம் வகுப்பிலும் அதே ரயில் ஓடிக்கொண்டிருந்தால்தான் பிரச்சினை. அந்த வயதில் பிள்ளைகள் இறங்கி, பெட்டிகளைக் கழற்றி மாற்றி அடுக்கிப் பார்க்க வேண்டும். ஆசிரியர் யாராவது இதைப் படித்து, கடை விளையாட்டை வகுப்பில் ஆடிப் பார்த்தால், பிள்ளைகள் எந்த அட்டையில் அதிகம் தகராறு செய்தார்கள் என்று எழுதுங்கள். ழ-வும் ள-வும் இடம் மாறும் என்பது என் ஊகம். உங்கள் வகுப்பு வேறு மாதிரி சொன்னால் அதையும் சேர்த்துக்கொள்கிறேன்.